கிண்ணத்தை வென்ற ஆண்டில் விலகிய பள்ளிக்கூடம்

1961ஆம் ஆண்டு ரொறொன்ரோ சென் மைக்கல்ஸ் கல்லூரிப் பள்ளியின் ஐஸ் ஹொக்கி அணி எட்மன்டன் ஓயில் கிங்ஸைத் தோற்கடித்து மெமோரியல் கிண்ணத்தை வென்றது. கனடாவின் ஜூனியர் ஹொக்கியில் அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. அதே ஆண்டு அந்தப் பள்ளிக்கூடம் ஒன்ராறியோ ஜூனியர் லீக்கிலிருந்து தானாகவே வெளியேறியது. ஆட்ட அட்டவணை நீண்டு நீண்டு மாணவர்களின் படிப்பை விழுங்குகிறது, ஆட்டத்தில் முரட்டுத்தனமும் கூடிவிட்டது என்று பள்ளியை நடத்திய குருமார் கருதினார்கள்.

நான் ஸ்காபரோவில் உயர்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். யாழ்ப்பாணத்திலும் இதுதான் என் தொழில். இங்கே என்னிடம் வருகிற தமிழ்ப் பெடியளில் சிலர் ஹொக்கி ஆடுகிறார்கள். விடியற்காலை பயிற்சி, பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் மறுபடி ஐஸ், அதன் பிறகு ஈரத் தலையோடு என் மேசைக்கு வந்து இருபடிச் சமன்பாடு. தாய்மார் வாசலில் நின்று கேட்பார்கள்: “மாஸ்ரர், பிள்ளையை ஹொக்கியாலை நிப்பாட்டட்டோ?” அந்தக் கேள்விக்கு இந்த நகரத்திலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது என்று தெரிந்தபோது அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

சென் மைக்கல்ஸ் 1852இல் பசிலியன் சபைக் குருமார் தொடங்கிய கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரொறொன்ரோ மேப்பிள் லீவ்ஸ் கழகத்துக்கு இரண்டு ஜூனியர் அணிகள் வீரர்களை வளர்த்துக் கொடுத்தன. ஒன்று மார்ல்பரோஸ், மற்றது இந்தப் பள்ளியின் மேஜர்ஸ். வடக்கே சுரங்க ஊர்களிலிருந்து கெட்டிக்காரப் பையன்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவார்கள். கொக்ரேனில் பிறந்த ரிம் ஹோர்ட்டன் வந்தார். இன்று கோப்பிக் கடைகளில் நாம் காணும் பெயர் அவருடையதுதான். நொறாண்டாவிலிருந்து டேவ் கியொன் வந்தார். ரெட் கெல்லியும் இங்கே படித்தவர். பிற்காலத்தில் லீவ்ஸுக்கு ஆடிக்கொண்டே பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

பிராங்க் மஹோவ்லிச்சின் கதையை நான் பெற்றோருக்கு அடிக்கடி சொல்வதுண்டு. ரிம்மின்ஸ் பக்கத்துச் சுரங்க ஊரில் வளர்ந்தவர். தகப்பன் குரோவேசியாவிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளி. பல கழகங்கள் பையனைக் கேட்டு வந்தபோது குடும்பம் சென் மைக்கல்ஸைத் தேர்ந்தது. அங்கே படிப்பும் நிச்சயம் என்பது அவர்களுக்குப் பெரிய காரணம். நிலத்துக்கு அடியில் உழைத்த ஒரு தகப்பன் மகனுக்கு என்ன வேண்டும் என்று நினைத்திருப்பார் என்பதை எங்கள் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. மகன் லீவ்ஸின் பெரிய நட்சத்திரமாகி, 1998இல் செனட்டராகவும் ஆனார்.

அந்தக் காலத்து ஒன்ராறியோவில் பல்கலைக்கழகத்துக்குப் போக 13ஆம் வகுப்பு முடிக்கவேண்டும். அதன் இறுதிச் சோதனையை மாகாணக் கல்வித் திணைக்களமே நடத்தியது. ஜூன் மாதத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வினாத்தாள். விடைத்தாள்கள் ரொறொன்ரோவுக்கு வந்து திருத்தப்படும். எங்கள் ஊர் உயர்தரப் பரீட்சை எழுதியவர்களுக்கு அந்த நெஞ்சிடி தெரியும். 1967 வரை இப்படித்தான் நடந்தது. ஹொக்கிப் பருவமோ இலையுதிர் காலத்தில் தொடங்கும். 1960–61இல் லீக் ஆட்டங்கள் மட்டும் 48. கிண்ணம் வரை போகிற அணிக்கு அதற்கு மேலும் தொடர் ஆட்டங்கள், நாட்டின் மறுபக்கம் வரை பயணம். நன்றாக ஆடுகிற பையனுக்குத்தான் படிக்க நேரம் மிகக் குறைவு. வெற்றியே அவனுக்குத் தண்டனையானது.

போதாததற்கு, அன்றைய முறை பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கழகங்களோடு கட்டிப்போட்டது. ‘சி’ படிவம் என்ற ஒப்பந்தத்தில் பையன் கையெழுத்து வைத்தால் அவன் ஹொக்கி வாழ்வு ஒரே கழகத்துக்குச் சொந்தம். பின்னாளில் பெரும் நட்சத்திரமான பொபி ஓர் 1962இல் பொஸ்டனுக்குக் கையெழுத்து வைத்தபோது அவருக்கு வயது 14. அவரைப் போன்றவர் ஒருவர். அதே படிவத்தில் கையெழுத்து வைத்து, பள்ளியை இடையில் விட்டு, தொழில்முறை லீக்கையும் எட்டாமல் நின்ற பையன்களுக்காகத்தான் நான் கவலைப்படுகிறேன். பெரிய லீக்கில் அப்போது ஆறு அணிகளே இருந்தன. மிச்சப் பேர் எங்கே போவது?

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் 1961 அணியின் பயிற்சியாளர், டேவிட் பாவர் என்ற குருவானவர். தானும் ஜூனியர் ஹொக்கி ஆடி 1944இல் ஒஷாவா அணியோடு மெமோரியல் கிண்ணம் வென்றவர். அண்ணன் பொபி பாவர் பொஸ்டன் அணியின் புகழ்பெற்ற வீரர். ஆட்டத்தின் ருசி அறியாத பாதிரியார் ஒருவர் புத்தகம் புத்தகம் என்று சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அணியை உச்சிக்குக் கொண்டுபோன கை இவருடையது.

விலகிய பிறகு மேஜர்ஸ் ரொறொன்ரோவைச் சுற்றிய ஊர்களோடு ஆடும் சிறிய லீக்கில் ஓர் ஆண்டு ஆடியது. அதுவும் நின்றபோது வீரர்கள் ஸ்காபரோவின் நீல் மக்நீல் பள்ளிக்குப் போனார்கள். அங்கேயும் ஒரே பருவம்தான். பிறகு மார்ல்பரோஸில் கரைந்துவிட்டார்கள்.

பாவர் அதற்குள் மேற்குக் கரைக்குப் போய்விட்டார். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர்களைக் கொண்டே கனடாவின் தேசிய அணியை அமைக்கலாம் என்றார். 1962இல் ஹொக்கிச் சங்கம் சம்மதித்தது. பையன்கள் பல்கலைக்கழக வளவில் ஒரு பழைய வீட்டில் சேர்ந்து வாழ்ந்து, வகுப்புக்குப் போய், மிச்ச நேரத்தில் ஆடினார்கள். 1964இல் இன்ஸ்புரூக் ஒலிம்பிக்கில் இறங்கினார்கள். சுவீடனோடு நடந்த ஆட்டத்தில் எதிரணியின் ஓபெர்க் என்ற வீரர் வீசிய உடைந்த மட்டை பாவரின் நெற்றியில் பட்டு இரத்தம் வழிந்தது. கொதித்தெழுந்த தன் பையன்களை அவர் இருக்கையை விட்டு அசையவிடவில்லை. அடுத்த நாள் ஓபெர்க்கைத் தன் பக்கத்தில் அமர்ந்து ஆட்டம் பார்க்க அழைத்தார். புள்ளிகள் சமமாகி, கோல் வித்தியாசத்தில் கனடா நாலாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. வெண்கலம் கிடைக்கும் என்று நம்பியிருந்த மாணவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். ஆனாலும் திட்டம் நிற்கவில்லை. 1968இல் கிரனோபிளில் தேசிய அணி வெண்கலம் பெற்றது.

என்னை அதிகம் கவர்ந்தது அந்தப் பையன்களில் இரண்டு பேர் பிறகு போன இடம். ரெறி ஓமாலி, பறி மக்கென்சி இருவரும் 1961இல் பாவரோடு கிண்ணம் வென்றவர்கள். தேசிய அணியிலும் ஆடினார்கள். பின்னாளில் இருவரும் சஸ்கச்சுவானின் வில்கொக்ஸ் என்ற சிற்றூரில் நோத்ர தாம் பள்ளியில் பணி செய்தார்கள். ஓமாலி அங்கிருந்து வந்துதான் 1980இல், முப்பத்தொன்பது வயதில், மீண்டும் ஒலிம்பிக் ஆடினார்.

வில்கொக்ஸ் றெஜைனாவுக்குத் தெற்கே, கோதுமை வயல்களின் நடுவே சில நூறு பேர் வாழும் ஊர். 1927இல் அதொல் மறே என்ற குருவானவர் பங்குப் பொறுப்பேற்று அங்கே வந்தபோது அவருடைய விளையாட்டுக் கழகப் பையன்களும் பின்னாலேயே வந்தார்கள். பஞ்ச காலத்தில் கட்டணம் கட்ட வழியில்லாத குடும்பங்கள் கோதுமையும் இறைச்சியும் நிலக்கரியும் கொண்டுவந்து கொடுத்தன. மறே அவற்றை வாங்கிக்கொண்டு கிரேக்கத் தத்துவம் படிப்பித்தார். பிள்ளைகள் பகலில் பாடம் கேட்டு, பிறகு உறைபனியில் ஹொக்கி ஆடினார்கள். 1988இல் அந்தப் பள்ளி அணி மாகாண ஜூனியர் லீக்கில் தன் முதல் பருவத்திலேயே தேசிய ஜூனியர் ஏ பட்டமான சென்றெனியல் கிண்ணத்தை வென்றது. பயிற்சியாளர் மக்கென்சி. ஆடியவர்களில் பின்னாளில் தொழில்முறை லீக்கில் பெயரெடுத்த றொட் பிரிண்டமோரும் கேர்ட்டிஸ் ஜோசப்பும் இருந்தார்கள்.

சென் மைக்கல்ஸ் மேஜர்ஸ் 1997இல் ஒன்ராறியோ ஜூனியர் லீக்குக்குத் திரும்பி வந்தது. 2007இல் மிசிசாகாவுக்கு இடம் மாறியது. காலமும் மாறிவிட்டது. இன்று ஒன்ராறியோப் பையன் 10ஆம் வகுப்பில் இருக்கும்போதே ஜூனியர் லீக்கின் தெரிவு வந்துவிடும். தெரிவானவன் தூர ஊரில் வேறொரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கவேண்டும். அந்த லீக்கில் ஆடியவனுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக் கதவு மூடப்படும் என்ற பழைய விதியை 2024 நவம்பரில்தான் நீக்கினார்கள். 2025 ஓகஸ்டிலிருந்து அது இல்லை. பதினாறு வயதில் ஒரு பிள்ளை இனித் திரும்ப முடியாத முடிவு எடுக்கவேண்டிய கட்டாயம் இவ்வளவு காலம் நீடித்ததே என்று எனக்கு ஆத்திரம் உண்டு.

தாய்மாருக்கு நான் நிப்பாட்டுங்கோ என்றும் சொல்வதில்லை, விடுங்கோ என்றும் சொல்வதில்லை. “அட்டவணையைக் கொண்டு வாங்கோ பிள்ளை” என்கிறேன். இங்கே அரையாண்டுச் சோதனை ஜனவரிக் கடைசியில் வரும். அதுதான் ஹொக்கிப் பருவத்தின் நடு உச்சம். அந்த மாதத்தில் எத்தனை வெளியூர் ஆட்டம், எத்தனை இரவு வீடு திரும்பப் பதினொரு மணியாகும், ஒரு ஆட்டத்தை விட்டுப் பிள்ளை சோதனை எழுதினால் பயிற்சியாளர் அடுத்த ஆட்டத்தில் அவனை இருக்கையில் இருத்திவைப்பாரா என்று மூன்றையும் பயிற்சியாளரிடமே நேரில் கேட்டு வரச் சொல்கிறேன்.