மயில்கழுத்து நிறமும் கல்யாண ஆல்பங்களும்

ஆரணியில் பட்டெடுக்க வருகிறவர்கள் கடைவிளக்கின் வெளிச்சத்தை நம்பி முடிவெடுப்பதில்லை. புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து, நிழலில் நின்று, சற்றே சாய்த்துப் பார்ப்பதை நாம் கவனித்திருக்கிறோம். இது வெறும் சந்தேகபுத்தியன்று. மயில்கழுத்து நிறப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். ஒன்று நீலமென்றால் மற்றது பச்சை. எது மேலோங்கித் தெரியும் என்பது ஒளியும் கண்ணும் சந்திக்கும் கோணத்தைப் பொறுத்தது.

நமது கல்யாண ஆல்பங்களில் இந்த நிறமாற்றம் ஏன் அபூர்வமாகவே காணக்கிடைக்கிறது? விடை புகைப்பட ஒளியின் வரலாற்றில் இருக்கிறது.

தொடக்ககால ஸ்டூடியோக்கள் பகலொளியை நம்பியவை. கண்ணாடிக் கூரையோ பெரிய சாளரமோ, வெயிலை மென்மையாக்க ஒரு வெள்ளைத் திரை, முகத்தின் நிழற்பக்கத்திற்கு ஒளியைத் திருப்பியனுப்ப ஒரு வெள்ளைத் தட்டி. இன்று ரிப்ளெக்டர் என்கிறோமே, அது இந்தத் தட்டிதான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்மமாக்கியிருக்கிறது. இத்தகைய படங்களில், நிறமே இல்லாதபோதும், புடவை மடிப்புகளுக்குக் கனம் இருக்கும்.

ஆனால் ஸ்டூடியோவைப் பந்தலுக்குத் தூக்கிச்செல்ல முடியாது. 1887இல் ஜெர்மனியில் மீதே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியத்தோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து மின்னற்பொடி செய்தனர். புகையும் தீவிபத்தும் அதன் உடன்பிறப்புகள். 1929இல் கண்ணாடிக்குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்பு வந்தது. 1931இல் அமெரிக்காவில் எட்ஜர்டன் மின்னணு பிளாஷை உருவாக்கினார். பொடியைத் தட்டில் வைத்துக் கையால் உயர்த்திப் பிடித்தார்கள், காமிராவுக்கு அப்பால். ஆக, பிளாஷைக் காமிராவிலிருந்து பிரிப்பதே பழைய வழக்கம். அதன் தலையில் ஏற்றியது பின்னால் வந்த சௌகரியம்.

அந்தச் சௌகரியத்துக்குக் கொடுத்த விலை அதிகம். லென்ஸ் பார்க்கும் திசையிலிருந்தே ஒளி பாய்வதால் நிழல் உடலுக்குப் பின்னே ஒளிந்துகொள்கிறது. முகம் தட்டையாகிறது, ஜரிகை வெளுக்கிறது, இரு நிறங்களின் விளையாட்டு பெருமளவு அடங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் சீட்டு கட்டி வாங்கிய புடவை ஆல்பத்தில் ஏதோ ஒரு நீலப்புடவை!

மாற்றுவழியை நம் நாட்டிலேயே ஒருவர் காட்டியிருந்தார். 1956இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் அமைத்தார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பாய்ச்சித் திருப்பினார். முற்றத்தின் பகல் அங்கே பிறந்தது.

இன்றைய கல்யாண மண்டபத்தில் தண்டில் நிற்கும் வெள்ளைக் குடை அந்தத் துணியின் உறவுதான். பிளாஷ் பக்கவாட்டில், ஏறத்தாழ 45 பாகையில், முகத்தைவிடச் சற்று உயரத்தில். குடையில் பட்டு விரிந்த ஒளி மென்மையாக விழுகிறது. மறுபுறம் ஒரு தெர்மோகோல் அட்டை. தொலைவு இருமடங்கானால் வெளிச்சம் நான்கிலொன்றாகக் குறையும். ஆகவே குடை அருகிலேயே நிற்கவேண்டும். சங்கடமும் அங்கேதான். தாலிகட்டும் வேளையில் குடையோடு குறுக்கே நிற்கும் உதவியாளரை எந்தப் பெரியவர் பொறுத்துக்கொள்வார்? எனவே மணமேடையில் பழைய நேரடி பிளாஷே இன்னும் கோலோச்சுகிறது. முகூர்த்தத்திற்கு முன்னால் மணமகளை ஐந்து நிமிடம் தனியே நிறுத்த வாய்த்தால், அப்போதுதான் அந்தப் பச்சை படத்தில் ஏறுகிறது.