'சர்நேம்': ஒரு கட்டத்துக்குள் அடங்காத நம் பெயர்கள்

கிளிநொச்சி மாவட்டத்தின் தர்மபுரத்தில் வாழும் ஒருவர், வெளிநாட்டிலுள்ள தம் மகனிடம் செல்வதற்காக விண்ணப்பப் படிவமொன்றை நிரப்புகிறார் என வைத்துக்கொள்வோம். கந்தையாவின் மகன் சிவலிங்கம் அவர். படிவத்தின் முதற் கட்டமே 'சர்நேம்' என்று கேட்கிறது. தந்தையின் பெயரை எழுதினால் அங்குள்ளோர் அவரைத் 'திரு. கந்தையா' என்று அழைப்பர். அது காலஞ்சென்ற தந்தையாரை அழைப்பதாகும். மகனோ, அதே கட்டத்தில் தன் தந்தையின் பெயரான சிவலிங்கம் என்பதை ஏற்கெனவே எழுதிவிட்டான். இப்போது ஆவணங்களின்படி தந்தை கந்தையா குடும்பம், மகன் சிவலிங்கம் குடும்பம். இருவருக்குமிடையிலான உறவை நிரூபிக்குமாறு அதிகாரி கேட்டால் அவரைக் குறை கூறுவதற்கில்லை. குறை அந்தச் சொல்லிலும் அதனை நாம் பெயர்த்த விதத்திலும் உள்ளது.

'சர்நேம்' என்பதன் மூலம் பிரெஞ்சு மொழி. மேலதிகமாகச் சேர்க்கப்பட்ட பெயர் என்பதே அதன் முதற்பொருள். ஒரே ஊரில் பல ஜோன்கள் இருந்தமையால் கொல்லன் ஜோன், குன்றடி ஜோன் என்று வேறுபடுத்தினர். காலப்போக்கில் அந்த அடைமொழி பிள்ளைகளுக்கும் தொடர்ந்து பரம்பரைப் பெயராயிற்று. 'ஜோன்சன்' என்பதும் ஒரு காலத்தில் ஜோனின் மகன் என்றே பொருள்பட்டது. இன்று அப்பெயருடையவரின் தந்தை ஜோனாக இருக்க வேண்டியதில்லை. தந்தை பெயர் உறைந்து குடும்பப் பெயரான கதை இது. ஆங்கிலத்தில் இதற்குக் 'குடும்பப் பெயர்', 'கடைசிப் பெயர்' என்னும் பொருள்தரும் ஒருபொருட்சொற்களும் உண்டு. ஆங்கிலேயருக்கு மூன்றும் ஒன்றே. நமக்கோ மூன்றும் மூன்று வேறு கேள்விகள். 'கடைசிப் பெயர்' எது என்றால் சிவலிங்கம். மேலதிகமாகச் சேர்ந்த பெயர் எது என்றால் கந்தையா. குடும்பப் பெயர் எது என்றால், அப்படியொன்று இல்லை என்பதே நேர்மையான விடை.

தமிழ்ப் படிவங்கள் இச்சொல்லைக் குடும்பப் பெயர், பரம்பரைப் பெயர், வம்சப் பெயர் என்றெல்லாம் பெயர்க்கின்றன. ஒவ்வொன்றும் புதிய குழப்பத்தையே தருகிறது. தமிழ் மரபில் இயற்பெயருக்கு முன்னால் நின்றவை பெரும்பாலும் ஊரும் தந்தையும். சங்கப் புலவர் மதுரை ஈழத்துப் பூதன்தேவனாரின் பெயரையே பார்க்கலாம். மதுரை, ஈழம் ஆகியன இடங்கள்; பூதன் தந்தை; தேவன் அவரது சொந்தப் பெயர் என்பர். இன்றைய படிவமொன்று அவருக்கு 'மதுரை' என்று முதற்பெயர் சூட்டியிருக்கும்!

பிரித்தானியர் ஆட்சிக்கால மேல்தட்டினர் இதில் ஒரே வழியைப் பின்பற்றவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் தந்தையின் பெயரை முன்னே வைத்தனர். அவர்களுடைய தாய்மாமனான சேர் முத்துக் குமாரசுவாமியின் கிளையிலோ குமாரசுவாமி என்ற தந்தை பெயர் பின்னே நின்று, அவருடைய மகனான கலாயோகி ஆனந்த குமாரசுவாமிக்கும் தொடர்ந்தது. ஒரே உறவுவட்டத்தில் ஒரு கிளை ஆங்கில வழக்கையும் மறு கிளை தமிழ் வழக்கையும் கைக்கொண்டன. சிங்கள மக்களின் 'வாசகம' பெயரும் சொந்தப் பெயருக்கு முன்னரே எழுதப்படுகிறது என்பதைக் கருதும்போது, இந்நாட்டில் 'கடைசிப் பெயர்' என்ற கேள்வி யாருக்காகக் கேட்கப்படுகிறது என்று நாம் வியக்காமலிருக்க முடியவில்லை.

முஸ்லிம்களின் பெயரில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அரபு மரபில் சொந்தப் பெயரான இஸ்மு, தந்தைவழியைச் சுட்டும் நஸப், பிள்ளையைக் கொண்டு பெற்றோரை அழைக்கும் குன்யா, சிறப்புப் பெயரான லகப், ஊரையோ குலத்தையோ குறிக்கும் நிஸ்பா என ஐந்து கூறுகள் உண்டு. 1344 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த இப்னு பதூதாவின் சொந்தப் பெயர் முகம்மது. 'அத்தஞ்சி' என்பது அவர் பிறந்த தாஞ்சியர் நகரைக் குறிக்கும் நிஸ்பா. உலகம் அவரை அறிவது வழிப்பெயரால் மட்டுமே. (சந்திக்கப்பட்ட மன்னரின் 'ஆரியச் சக்கரவர்த்தி'யும் பட்டமே.)

அப்துல் ரஹ்மான் என்பவரைப் படிவம் இரண்டாகப் பிளக்கும்போது நேர்வது வெறும் ஒழுங்குப் பிழையன்று. அப்பெயரின் பொருள் அளவற்ற அருளாளனின் அடியான் என்பது. 'அப்துல்' என்று மட்டும் நிறுத்தினால் யாருடைய அடியான் என்பது நின்றுவிடுகிறது. 'ரஹ்மான்' என்பதோ இறைவனின் திருநாமம். மரிக்கார், லெப்பை போன்றவை சில குடும்பங்களில் பரம்பரைப் பெயராகவும் வேறு சிலவற்றில் சொந்தப் பெயரின் பகுதியாகவும் உள்ளன. எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முதலெழுத்துக்களை விரித்தால் முகம்மது ஹுசைன் முகம்மது என வரும். முகம்மது என்ற ஒரு பெயரையே இந்நாட்டுப் பதிவாளர்களும் எழுதுவினைஞர்களும் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதிவந்துள்ளனர்.

இவையெல்லாம் அறிஞர் ஆராய்ச்சிக்குரிய விடயங்கள் என்று ஒதுக்கிவிட முடியாமைக்கு வன்னியே சான்று. 1977 வன்செயல்களை அடுத்து மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் வன்னியின் பல ஊர்களில் குடியேறின. தர்மபுரமும் அவற்றுள் ஒன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பை ஆதாரமாகக் கேட்டதனாலேயே அம்மக்களில் பெரும்பாலோர் நாடற்றோராயினர். ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதும் அந்தத் தந்தை பெயரில் ஒரு மனிதனின் குடியுரிமையே தங்கியிருந்தது. மீதமிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்திலும் பிற இடங்களிலும் புதிதாகப் பதிவு செய்ய நேர்ந்தது. முல்லைத்தீவின் நீராவிப்பிட்டிக்கோ தண்ணீரூற்றுக்கோ மீண்டு வந்தவரிடம் காணி அனுமதிப்பத்திரத்தில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நிறுவும் சுமை அவருடையதே. 2009 இல் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்து, ஈற்றில் செட்டிகுளம் முகாம்களை அடைந்த மக்களில் எத்தனையோ பேர் ஆவணங்களை வழியிலேயே இழந்தனர்.

இதில் பெண்களின் நிலை தனித்துக் கூறத்தக்கது. மணமானபின் தந்தையின் முதலெழுத்தை விட்டுக் கணவரின் பெயரைச் சேர்ப்பது தமிழர் பலரிடம் வழக்கமாகிவிட்டது. சட்டம் அதனைக் கட்டாயமாக்கவில்லை. பிறப்புப் பதிவில் தந்தை பெயர், வங்கிக் கணக்கில் கணவர் பெயர் எனக் கொண்ட பெண், கணவர் காணாமற்போனபின் 2016 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அறிமுகப்படுத்திய காணாமற்போனமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கையில், முதலில் தாம் யார் என்பதையே நிறுவ வேண்டியவராகிறார். இஸ்லாமிய மரபில் மனைவி தன் தந்தையின் பெயரையே தொடர்ந்து தாங்குகிறாள். இவ்விடயத்தில் தமிழ்ச் சகோதரிகள் முஸ்லிம் அயலவரைப் பின்பற்றுவதில் நட்டமேதும் இல்லை என்பது எமது கருத்து.

உலகம் ஒரே வழியில் நடக்கவில்லை. துருக்கி 1934 இல் சட்டமியற்றிக் குடிமக்கள் யாவருக்கும் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது. ஐஸ்லாந்து மக்களோ பெரும்பாலும் இன்றும் தந்தை பெயரோடு மகன், மகள் என்ற சொல்லைச் சேர்த்தே வழங்குகின்றனர். தொலைபேசிப் பெயரேட்டைக்கூடச் சொந்தப் பெயரின் வரிசையிலேயே அமைத்தனர். கடவுச்சீட்டுகளுக்கான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 ஆம் இலக்க ஆவணம் 'முதன்மை அடையாளம்', 'இரண்டாம் அடையாளம்' என்றே பேசுகிறது. எப்பகுதி முதன்மையானது என்பதை வழங்கும் நாடே தீர்மானிக்கலாம். ஒற்றைப் பெயரும் செல்லும். ஆயினும் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு இராச்சியம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள இந்தியப் பயணிகளுக்கு வருகை வீசாவில் நுழைவை மறுத்தது. தந்தையின் பெயர் கடவுச்சீட்டின் வேறு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பின்னரே தளர்த்தியது.

ஆகவே நம் அலுவலகப் படிவங்கள் 'முழுப்பெயர்', 'அழைக்கப்படும் பெயர்', 'தந்தையின் முழுப்பெயர்' என்று மூன்றைக் கேட்டால் போதுமானது. ஆங்கிலக் கட்டம் தவிர்க்க முடியாத இடத்தில், முழுக் குடும்பமும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். பிள்ளையின் பிறப்பைப் பதியும்போதே பெயரின் வரிசையையும் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் தாளில் எழுதிப் பதிவாளரிடம் கொடுப்பது நல்லது. பின்னர் நேர்ந்த வேறுபாட்டுக்குச் சத்தியக் கடதாசி ஓரளவு உதவும். ஆனால் மூலப் பதிவு திருத்தப்படாதவரை ஒவ்வோர் அலுவலகத்திலும் அதனை மீண்டும் நீட்ட வேண்டியிருக்கும். ஊரின் பெயரையும் கவனிக்க வேண்டும். தர்மபுரத்தை ஆங்கிலத்தில் 'டி' இட்டுத் தொடங்குவோரும் 'டி எச்' இட்டுத் தொடங்குவோரும் உளர். பிறப்புச் சான்றிதழில் எது உண்டோ அதனையே எல்லாப் படிவங்களிலும் எழுதுக.