இலையின் பெயர் கொண்ட மாத்திரை

கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஊரிகத்தில் தமிழ்க் குடும்பங்களின் வீட்டு மொழி தமிழ். அரசு அலுவலகத்தின் மொழி கன்னடம். கருவுற்ற பெண்ணுக்குத் தரப்படும் மாத்திரை அட்டையின் மொழி ஆங்கிலம். அவ்வட்டையில் இரு பொருள்களின் பெயர்கள் உள்ளன: அயன், ஃபோலிக் ஆசிட். பேச்சுத் தமிழோ அதனைச் 'சத்து மாத்திரை' என்றும், 'இரும்புச்சத்து மாத்திரை' என்றும், 'இரத்தம் ஊறும் மாத்திரை' என்றும் வழங்குகிறது. இரும்புக்குத் தமிழில் பெயர் கிடைத்துவிட்டது. ஃபோலிக் அமிலம் பெயரின்றி உடன் விழுங்கப்படுகிறது. ஆனால் இச்சொல் குறிக்கும் பொருளின் வரலாறு தமிழ் நிலத்துக்குப் புதியதன்று. அதன் இரு இழைகள் சென்னைத் திருவல்லிக்கேணி வழியாகச் செல்கின்றன.

1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர் பம்பாய்க்கு வந்தார். கருவுற்ற பெண்களிடையே, குறிப்பாக ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில், காணப்பட்ட கடும் இரத்தசோகையின் காரணத்தைக் கண்டறிவது அவர் பணி. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. இரும்புக் குறைபாட்டில் அணுக்கள் சிறுத்துப்போகும். ஆகவே இது வேறு நோய். மேத்தா, தல்பாடே ஆகியோருடன் சேர்ந்து வில்ஸ் நோயையும் உணவையும் ஆராய்ந்தார். 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் எலிகளைக் கொண்டு சோதனை நடத்தினார். 1931இன் தொடக்கத்தில் சென்னை கோஷா மருத்துவமனையில் பணியாற்றினார். அதுவே இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி மகளிர் மருத்துவமனை. அவ்வாண்டு வெளியான கட்டுரையில், மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு இந்நோயைத் தீர்ப்பதாக அறிவித்தார். பொருள் இன்னதென்று தெரியாததால் அது 'வில்ஸ் காரணி' எனப்பட்டது.

அடுத்த பத்தாண்டுகளில் அதே பொருளுக்குப் பல பெயர்கள் தோன்றின. குரங்குகளின் நோயைத் தீர்த்ததால் ஓர் ஆய்வுக்குழு அதனை 'வைட்டமின் எம்' என்றது. கோழிக்குஞ்சுகளுக்குத் தேவைப்பட்டதால் மற்றொரு குழு 'வைட்டமின் பி-சி' என்றது. ஒவ்வொரு பெயரும் அந்தந்த ஆய்வுக்கூடத்தின் விலங்கையே சுட்டியது. 1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் 4 டன் ஸ்பினாச் கீரையிலிருந்து அதனைச் செறிவாகப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான 'ஃபோலியம்' என்பதிலிருந்து 'ஃபோலிக் ஆசிட்' என்று பெயரிட்டனர். அப்பெயரே நிலைத்தது.

அதனை ஆய்வுக்கூடத்தில் முழுமையாகச் செயற்கையாக உருவாக்கியது அமெரிக்காவின் லெடர்லே நிறுவனம், 1945இல். அங்கு ஆய்வுப் பணிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். இதே அமிலத்தின் செயலைத் தடுக்கும் சேர்மங்களையும் அவர் குழு உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டே சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார்.

'ஃபோலியம்' என்னும் வேரிலிருந்தே நூலின் தாளைக் குறிக்கும் 'ஃபோலியோ' என்ற சொல்லும் வந்தது. தமிழில் பனையோலை எழுதப்பட்டு ஏடாவதும் இத்தகைய பொருள் விரிவே. எனவே பெயரின் முற்பகுதி தமிழ் மாணவருக்கு எளிதில் விளங்கக்கூடியது. பிற்பகுதிதான் சிக்கல். வேதியியலில் 'ஆசிட்' ஒரு பொருள் வகை. அன்றாடத் தமிழில் கழிப்பறை கழுவும், தோலை எரிக்கும் திரவம். இத்தகைய இடர்ப்பாடு ஆங்கிலத்திலும் நேர்ந்ததுண்டு. மற்றொரு பி வைட்டமினான 'நிகோடினிக் ஆசிட்' ரொட்டி மாவில் சேர்க்கப்பட்டபோது, மக்கள் புகையிலையை நினைத்து அஞ்சக்கூடும் என்று கருதி, 1942இல் அமெரிக்காவில் 'நியாசின்' என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தனர். உணவில் இயல்பாக உள்ள வடிவங்களை 'ஃபோலேட்' என்றும், மாத்திரையில் உள்ள நிலையான செயற்கை வடிவத்தை 'ஃபோலிக் அமிலம்' என்றும் வேறுபடுத்துவது அறிவியல் வழக்கு. கீரையிலும் பயறுகளிலும் உள்ள ஃபோலேட் நீரில் கரையும், வெப்பத்தில் சிதையும். கீரையை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் சத்தின் ஒரு பகுதி அந்நீரோடு போய்விடும்.

பெயர் விடுபடுவதால் நேரும் இழப்பு சொல்லாராய்ச்சியோடு முடிவதில்லை. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருவுற்ற ஏறத்தாழ 28 நாள்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போது தெரிந்திராது. முன்பு இக்குறைபாடுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய ஆய்வு, கருவுறுமுன் தொடங்கி ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் அது மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைகிறது என்று 1991இல் காட்டியது. 2018இல் தொடங்கிய இந்தியாவின் இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரை நான்காம் மாதத்திலிருந்து தரப்படுகிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு, கருவுறத் திட்டமிடும்போதே தொடங்கி முதல் மூன்று மாதங்கள் வரை, 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் மட்டும் கொண்ட தனி மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது.

இவ்விரண்டும் வெவ்வேறு காலத்துக்கும் வெவ்வேறு நோக்கத்துக்கும் உரியவை. ஆனால் பேச்சு வழக்கில் இரண்டுக்கும் 'சத்து மாத்திரை' என்ற ஒரே பெயர்தான். இரத்தம் ஊறுவதற்கென்று அறியப்பட்ட மாத்திரையை, இரத்தசோகை இல்லாத இளம்பெண் கருவுறுமுன்பே ஏன் நாட வேண்டும்? இக்கேள்விக்கான விடை அந்த ஒற்றைப் பெயரில் இல்லை. கீரைக்குப் பேர்போன மொழியில் இந்த அமிலத்துக்கு 'இலைச்சத்து' என்றொரு பெயர் அமைவது அரிதன்று. அப்பெயர் வீட்டுப் பேச்சில் இடம்பெற்றால், மருத்துவர் சொல்லும் 'முன்னதாகவே' என்ற சொல்லுக்கும் பொருள் கிடைக்கும்.