உஸ்ஸ்ஸ்... ஒரு ரப்பர் ட்யூபின் பூர்வகதை

வண்டிய ஸ்டார்ட் பண்ணி சும்மா நிறுத்தி வச்சா, பானட்டுக்குள்ள இருந்து 'உஸ்ஸ்ஸ்'னு பாம்பு சீறுற மாதிரி சத்தம். சிக்னல்ல நின்னா குலுங்குது, சில நேரம் அணைஞ்சே போயிடுது. 1979 மாடல் பிக்கப் ட்ரக், என்னைவிட ரொம்ப மூத்தது. வேற மாநிலத்துல ஓடிட்டிருந்ததை கலிபோர்னியாவுக்கு வாங்கிட்டு வந்துட்டேன். இங்க புகைப் பரிசோதனையில பாஸ் ஆனாத்தான் வண்டியைப் பதிவு பண்ணுவாங்க. 1975 மாடல் வரைக்கும் விலக்கு உண்டு. நாலு வருஷத்துல போச்சு! "ஏங்க, இதைப் போட்டா பேரீச்சம்பழமாவது தருவானா?"ன்னு வீட்டம்மா கேட்டாச்சு.

பானட்டைத் திறந்தா கருப்பு கருப்பா ரப்பர் ட்யூபுங்க, இடியாப்பம் மாதிரி. எவன்டா இதை டிசைன் பண்ணான்னு திட்டிக்கிட்டே தேடப் போய்த்தான் இந்தக் கதை சிக்கிச்சு.

முதல்ல கொஞ்சூண்டு பௌதிகம் (ஓடாதீங்க மக்கா). பெட்ரோல் எஞ்சின் ஒரு பம்பு. பிஸ்டன் கீழ இறங்கும்போது காத்தை இழுக்கும். ஆனா ஆக்சிலரேட்டரை மிதிக்காதப்போ கார்புரேட்டர் வாயில இருக்கற தட்டு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். அதனால தட்டுக்குக் கீழே மேனிஃபோல்டில் காற்றழுத்தம் குறைஞ்சுடும். அதைத்தான் வேக்குவம்னு சொல்றோம். நல்ல எஞ்சின்ல, ஐடிலிங்ல கேஜ் வச்சுப் பார்த்தா 17லிருந்து 21 அங்குல பாதரசம் காட்டும். என்னோடது 14. இளநீர் குடிக்கறப்போ ஸ்ட்ராவுல விரிசல் இருந்தா என்ன ஆகும்? இளநீருக்குப் பதிலா காத்துதானே வரும்? அதான் வேக்குவம் லீக். பெட்ரோலோட கலக்கற காத்து கூடிப்போய் எஞ்சின் திணறுது.

இந்த வேக்குவத்தை ஓசி கரண்ட் மாதிரி பயன்படுத்தற பழக்கம் ரொம்ப பழசு. பஃபலோ நகரத்து ட்ரிக்கோ கம்பெனியோட வைப்பர்கள் பல காலம் இதுலதான் ஓடிச்சு. மழையில மேட்டுல ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதிச்சா வேக்குவம் குறையும், வைப்பர் தூங்கிடும். கண்ணு தெரியணும்னா காலை எடுக்கணும், காலை எடுத்தா வண்டி ஏறாது! ஆனா இந்தக் குறையிலேயே ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. எஞ்சின் எவ்வளவு சுமை இழுக்குதுன்னு வேக்குவம் அப்படியே சொல்லிடுது. அந்தத் தகவலை வச்சுத்தான் டிஸ்ட்ரிபியூட்டரில் தீப்பொறி விழற நேரத்தையும் மாத்தினாங்க. அதாவது ட்யூபுக்குள்ள ஓடறது சக்தி மட்டும் இல்ல, டேட்டாவும்தான்.

இது வரைக்கும் ரெண்டு மூணு ட்யூப்தான். இடியாப்பம் ஆன கதைக்கு லாஸ் ஏஞ்சலஸ் போகணும்.

1943 ஜூலையில் அந்த ஊரை ஒரு புகைமூட்டம் மூடிடுச்சு. கண் எரியுது, தொண்டை கரகரங்குது. உலகப்போர் நேரம் பாருங்க, ஜப்பான்காரன் விஷவாயு விட்டுட்டான்னு சனம் பயந்துடுச்சு. அப்புறம் செயற்கை ரப்பருக்காக பியூட்டடையீன் தயாரிச்ச ஒரு ஆலை மேல பழி விழுந்துச்சு. ஆலையை நிறுத்தியும் புகை போகலை. கால்டெக்கில் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித்ங்கற விஞ்ஞானிதான் 1950களின் ஆரம்பத்தில் முடிச்சை அவிழ்த்தார். பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு, வெயில் மூணும் சேர்ந்தா ஓசோன். அதுல பெரும்பங்கு கார்களோட உபயம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதான். ஓசோன் பட்டா ரப்பர்ல வெடிப்பு விழும். லாஸ் ஏஞ்சலஸ்ல டயர்கள் சீக்கிரமே வெடிச்சுப் போறதைக் கவனிச்சிருந்தாங்க. அவரும் கூட்டாளியும் ரப்பர் துண்டை வளைச்சு வச்சு, எவ்வளவு நேரத்துல வெடிப்பு விழுதுன்னு பார்த்து ஓசோனை அளந்தாங்க! அந்தப் புகையை அடக்கப் பின்னாடி வந்ததும் ரப்பர் ட்யூபுங்கதான். இன்னைக்கு என் வண்டியில அதுங்களும் வெடிச்சுக் கிடக்கு (சூடு, எண்ணெய், வயசுன்னு மத்த காரணங்களும் இருக்கு, ஓசோன் மேலயே எல்லாப் பழியையும் போடக்கூடாது).

காரணம் தெரிஞ்சாச்சு, கம்பெனிகள் சரி பண்ணியிருக்கலாம்ல? 1969ல் அமெரிக்க நீதித்துறை பெரிய கார் கம்பெனிகள் மேல வழக்கே போட்டுச்சு: புகை குறைக்கற சாதனங்களைத் தாமதப்படுத்த எல்லாரும் கூட்டு சேர்ந்தாங்கன்னு. சமரச உடன்பாட்டுல முடிஞ்சுது. 1970 டிசம்பர் 31ல் நிக்சன் சுத்தமான காற்றுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1975 மாடல்களுக்குள் முக்கிய புகைகளில் 90 சதவீதம் குறைக்கணும். கெடு பிறகு தள்ளிப் போனது வேற கதை.

கையில இருந்தது அதே பழைய கார்புரேட்டர். அதுக்கு மேல பேட்ச், பேட்ச் மேல பேட்ச். (ரிலீஸுக்கு முந்தின ராத்திரி வேலை பார்த்த சாஃப்ட்வேர்காரனுக்கு இது புரியும், அவ்வ்வ்.) உதாரணமா 1973 மாடல்களிலிருந்து பரவலான ஈஜிஆர். எரிஞ்ச புகையில கொஞ்சத்தைத் திருப்பி உள்ள விட்டா சிலிண்டர்ல சூடு குறையும், நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். ஆனா எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது விட்டா அணைஞ்சுடும். அதனால கூலன்ட்டுக்குள்ள ஒரு சூட்டு வால்வு. கார்புரேட்டர்லேருந்து வர்ற சிக்னல் ரொம்ப பலவீனம், அதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர். எதுவும் சட்டுனு நடக்கக்கூடாதுன்னு தாமத வால்வு. இஃப், அண்ட், டைமர் எல்லாம் இருக்கு. கரண்டே இல்லாம காத்துல எழுதின ப்ரோக்ராம்!

இதுக்கு நடுவுல சட்டத்துலயும் ஒரு ஓட்டை. சுமையோட சேர்த்து மொத்த எடை 6,000 பவுண்டுக்கு (சுமார் 2,720 கிலோ) மேல போற பிக்கப்களுக்கு கடுமையான விதி கிடையாது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் வேண்டாம், ஈயம் கலந்த பெட்ரோலே போதும். ஃபோர்டு 1975ல் அந்தக் கோட்டைத் தாண்டற எடையில எஃப்-150ஐ இறக்கிச்சு. பின்னாளில் உலகமே பார்த்த அந்தப் பேரு பிறந்தது இப்படித்தான். செவர்லேவும் 'பிக் 10'னு ஒண்ணு விட்டுச்சு. 1979 மாடலுக்கு வரம்பை 8,500 பவுண்டாக்கி அடைச்சாங்க. நம்ம வண்டி அந்த வருஷம்தான், ஹூம்.

1981 வாக்கில் கார்கள்ல கம்ப்யூட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் நுழைஞ்சதும் ட்யூப் ஒவ்வொண்ணா குறைய ஆரம்பிச்சுது. பழைய மெக்கானிக்குங்க இன்னமும் இடியாப்பத்துக்குச் சட்டத்தைத்தான் திட்டுவாங்க. இருபது வருஷம் தூங்கிட்டு கடைசி நேரத்துல ஒட்டுப் போட்டவங்களைத்தான் திட்டணும்னு எனக்குத் தோணுது.

சரி, என் பாம்பு? கேஜை மாட்டிட்டு, ஒவ்வொரு ட்யூபா மெதுவா நெரிச்சுப் பார்த்தேன். ஈஜிஆர் ஆம்ப்ளிஃபையருக்குப் போக வேண்டிய ட்யூபை நெரிச்சதும் முள் 19க்குத் தாவிச்சு. பின்னாடியே போனா, அது ஆம்ப்ளிஃபையருக்கே போகலை! யாரோ கழட்டிவிட்டு, கோல்ஃப் பந்தை வச்சு அடிப்பாங்களே, அந்த மரக்குச்சியைச் செருகி அடைச்சிருக்காங்க. குச்சி விரிச்ச இடத்துல ரப்பர் பிளந்து 'உஸ்ஸ்'. ஈஜிஆரை எடுத்துட்டா வண்டி பறக்கும்னு அந்தக் காலத்து நம்பிக்கை.

நானும் அப்படியே வேற குச்சி செருகிட்டா சத்தம் நின்னுடும். ஆனா பரிசோதனையில ட்யூபுங்களைக் கண்ணால பார்ப்பாங்க, ரோலர் மேல ஓடவிட்டு நைட்ரஜன் ஆக்சைடையும் அளப்பாங்க. பானட்டுக்குள்ள ஒட்டியிருந்த ஸ்டிக்கர் படத்தைப் பார்த்து எல்லா ட்யூபையும் புதுசா மாத்தினேன், ரெண்டு சனிக்கிழமை போச்சு. போன வாரம் பாஸ்! வீட்டம்மா ரிப்போர்ட்டை வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டு, "பேரீச்சம்பழம் நானே வாங்கிக்கறேன்"னாங்க.

டிஸ்கி: லீக் கண்டுபிடிக்க கார்புரேட்டர் க்ளீனரை ஓடற எஞ்சின் மேல ஸ்ப்ரே அடிக்கச் சொல்லி நிறைய பேரு யோசனை சொல்லுவாங்க. சூடான எஞ்சின்ல அது குப்புனு பத்திக்கும். நெரிச்சே பாருங்க சாமி.