உபதேசியாரின் ஏழு நாட்கள்: தமிழ்க் கூலி மிஷனும் மலையகத் தோட்டங்களும்

இலங்கை மலைநாட்டுப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை ஆராய்வோர் துரை, கங்காணி, தொழிலாளி என்னும் மூவரையே பெரும்பாலும் முன்னிறுத்துவர். இம்மூவருக்கும் இடையே நாலாமவர் ஒருவரும் அக்காலத் தோட்டப் பாதைகளில் நடமாடினார். துரையின் மாளிகைக்கும் அவர் உரியவரல்லர். லயத்துக் காம்பராவுக்கும் உரியவரல்லர். கடல் கடந்து வந்து, குடும்பத்தைப் பிரிந்து, தோட்டந் தோட்டமாக நடந்து சமயம் போதித்த அவரைத் தமிழ்க் கிறித்தவ உலகம் ‘உபதேசியார்’ என்று அழைத்தது. மிஷனரி என்றதும் வெள்ளைத் தோலும் நீண்ட அங்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் மலையகத்தில் மிஷன் பணியின் பெரும் பாரத்தைச் சுமந்தவர்கள் தமிழர்களே. அவர்களது ஒரு கிழமை வாழ்வை நோக்கினால் அப்பணியின் ஆற்றலும் எல்லையும் ஒருங்கே புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மிஷனின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கண்டிப் பிரதேசத்திற் பரவிய கோப்பிச் செய்கை தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் இங்கு வரவழைத்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்து, நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். இம்மக்களிடையே சமயப் பணி செய்யும் நோக்குடன் 1854ஆம் ஆண்டு ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பெற்றது. ‘கூலி’ என்னும் சொல்லை ஒரு திருப்பணியின் பெயரிலேயே பொறிப்பதில் அக்காலத்தவர் இழிவேதும் காணவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இம்மிஷனின் அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. மேற்பார்வை செய்யும் மிஷனரியைச் சேர்ச் மிஷன் சங்கம் அளித்தது. உபதேசியார்களுக்கான செலவைத் தோட்டத்துரைமார் தம்முள் அமைத்த குழுவின் மூலம் பொறுப்பேற்றனர். முதல் மேற்பார்வையாளரான வண. செப்டிமஸ் ஹொப்ஸ் முன்னர்த் திருநெல்வேலியிற் பணியாற்றித் தமிழ் அறிந்தவர். உபதேசியார்களும் அங்கிருந்தே வந்தனர். றேனியஸ் முதலானோரின் உழைப்பால் 1820களிலிருந்து திருநெல்வேலியில் ஊர்தோறும் சபையும் பள்ளியும் தோன்றியிருந்தன. எழுத்தறிவு பெற்ற இளைஞர் அங்குக் கிடைத்தனர். தமிழ் பேசும் போதகரைத் தேடியோர் அத்திசையை நோக்கியது இயல்பேயாம்.

கிழமை ஒழுங்கு

உபதேசியாரின் கிழமையை வகுத்தது திருச்சபையின் நாட்காட்டி என்று எண்ணிவிடலாகாது. தோட்டத்தின் வேலை நேரமே அதனை வகுத்தது. தப்புச் சத்தம் கேட்டு, விடியுமுன் பிரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவர். பெயர் பதிந்ததும் மலைக்குப் பிரிந்து செல்வர். பொழுது சாயும்வரை லயங்களில் எஞ்சியிருப்போர் நோயாளரும் முதியோரும் கைக்குழந்தைகளுமே. ஆகவே போதகர் தம் மக்களைச் சந்திக்கக்கூடிய வேளைகள் இரண்டே: பிரட்டுக் கலையுமுன் கிடைக்கும் சில நிமிடங்கள், வேலை முடிந்து அடுப்பு மூட்டும் மாலைப் பொழுது. பகலில் அவர் அடுத்த தோட்டத்துக்கு நடப்பார், நோயுற்றோரைக் காண்பார், பள்ளி இருக்குமாயின் சிறுவருக்கு அரிச்சுவடி கற்பிப்பார். பகலில் வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளியே வழியாயிற்று.

புகைவண்டிப் பாதை ஹற்றனை அடைந்தது 1884இலும் நானுஓயாவை அடைந்தது 1885இலுமேயாம். அதற்கு முன் டிக்கோயா, திம்புள்ளைப் பகுதிகளில் உபதேசியாரின் வாகனம் அவரது கால்களே. பனையும் செம்மணலும் வெயிலுமாக வளர்ந்தவர், ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவின் குளிரிலும், ஆனி ஆடி மாதங்களில் ஓயாத தென்மேற்குப் பருவ மழையிலும் அட்டைக்கடிக்கு நடுவே நடக்கவேண்டியிருந்தது. ஞாயிறு வந்ததும் கோப்பிக் களஞ்சியத்திலோ பள்ளி மடுவத்திலோ சிறு கூட்டம் கூடும். அன்றுதான் தொழிலாளருக்கும் கடைவீதிக்குச் சென்று அரிசி சாமான் வாங்க ஓய்வு கிடைக்கும் என்பதால், ஆராதனைக்குச் சந்தையே போட்டியாக அமைந்தது. துரைமாரின் வழிபாடு வேறாக நடைபெற்றது. 1878இல் டிக்கோயாவில் எழுந்த வார்லி கிறிஸ்து ஆலயம் போன்றவை அவர்களது சமூக வாழ்வின் மையங்களாயின. ஒரே தெய்வத்தை வணங்கியோர் இரு வேறு கூரைகளின் கீழ் வணங்கினர்.

கோப்பிக் காலத்திற் பெருந்தொகையான தொழிலாளர் அறுவடைக்கு வந்து, பருவம் முடிந்ததும் தம் ஊர்களுக்கு மீண்டனர். இவ்வாண்டு கேட்டவர் அடுத்த ஆண்டு எத்தோட்டத்துக்கு வருவார், வருவாரோ மாட்டாரோ என்பதை உபதேசியார் அறியார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, 1880களில் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது நிலைமை மாறிற்று. கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. எனவே பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. நிலைத்த குடிகளிடையேதான் நிலைத்த பள்ளி சாத்தியமாயிற்று.

இருவகைத் தனிமை

ஐரோப்பிய மிஷனரியின் பிரிவுத் துயரை நூல்கள் போற்றுகின்றன. 1835இல் இலங்கை வந்த வண. வில்லியம் ஓக்லி, 1886இல் இறக்கும்வரை ஒருமுறையேனும் இங்கிலாந்துக்குத் திரும்பாதவர். அவரது உறுதி வியக்கத்தக்கதே. ஆயினும் அத்தகையோரின் பெயர் பதிவு பெற்றது, படமும் பதிப்பிக்கப்பட்டது. உபதேசியாரோ மிஷன் வரலாறுகளில் ‘சுதேச உதவியாளர்’ என்னும் பொதுப்பெயருக்குள் அல்லது ஓர் எண்ணிக்கைக்குள் மறைந்துபோனார்.

அவரது தனிமை ஊரைப் பிரிந்ததால் மட்டும் எழுந்ததன்று. மொழி ஒன்றேயாயினும் அவர் லயத்தவருக்கு அந்நியரே. திருநெல்வேலிச் சபையினர் பெரும்பாலும் நாடார் சமூகத்தினர். தோட்டத் தொழிலாளரோ திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்த பள்ளர், பறையர், சக்கிலியர், கள்ளர் எனப் பல சாதியினர். மாரியம்மனும் முனியும் அவர்களுடன் கடல் கடந்து வந்திருந்தனர். காமன் கூத்தும் ஆடித் திருவிழாவும் அவர்களது உழைப்புக்கு நடுவே உயிரூட்டின. இவற்றையெல்லாம் விலக்கச் சொன்ன ஒருவரை, எழுதவும் படிக்கவும் அறிந்த ஒருவரை, துரையின் பங்களாவுக்குச் சென்று வரும் ஒருவரை, அவர்கள் எளிதில் தம்மவராகக் கொள்வரோ? ஊருக்குக் கடிதம் எழுதித் தரவேண்டிய வேளையில் அவரை நாடியிருப்பர்; உள்ளத்தைத் திறக்கும் வேளையிற் சற்றே தயங்கியுமிருப்பர்.

அனுமதியின் விலை

தோட்டம் தனியார் உடைமை. துரையின் இசைவின்றி வெளியார் எவரும் உட்புக இயலாது. துரைமாரின் பணத்தால் ஊதியம் பெற்ற உபதேசியாருக்கு அக்கதவு திறந்திருந்தது. ஆனால் அதே அனுமதி அவரது வாயைக் கட்டியது. அக்காலத் தொழிலாளரைப் பிணித்த பெருந்தளை கடன். கங்காணி கொடுத்த முற்பணம் கடனாகப் பெருகும். அக்கடன் ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் எழுதப்படும். அதனைத் தீர்க்கும் தோட்டமே அவனை ஏற்கலாம். இத்துண்டு முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மாலைதோறும் லயத்தில் அமர்ந்த உபதேசியார் இக்கொடுமையை அறியாதவராக இருந்திருக்க முடியாது. எனினும் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பினால் மறுநாள் அவருக்குத் தோட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை.

இவருக்கு எசமானர் யார் என்பதே ஒரு கட்டத்தில் பெரும் பூசலாயிற்று. முப்பதே வயதில் கொழும்பு அத்தியட்சராகிய றெஜினோல்ட் கொப்பிள்ஸ்டன் 1876இல் இங்கு வந்ததும், சேர்ச் மிஷன் சங்க மிஷனரிகளுடன் முரண்பட்டு அவர்களது உரிமப் பத்திரங்களை மீளப் பெற்றார். தோட்டங்களில் நிகழும் தமிழ்ப் பணியின்மீது அத்தியட்சரின் கீழுள்ள குருமாருக்கு உரிமை உண்டா, சங்கத்துக்கே உரிமையா என்பது அவ்வழக்கின் முக்கிய விடயங்களுள் ஒன்று. இங்கிலாந்துப் பேராயர்கள் தலையிட்ட பின்னரே பூசல் தணிந்தது. மலைகளில் நாள்தோறும் நடந்த தமிழ் உபதேசியாரோ அவ்வாதத்தின் பொருளாக இருந்தாரேயன்றி, அதிற் கருத்துரைக்கும் ஒருவராகக் கொள்ளப்படவில்லை.

இதனுடன் பிற்கால நிகழ்ச்சி ஒன்றை ஒப்புநோக்குதல் தகும். தஞ்சையிலிருந்து வந்து தொழிலாளரை அமைப்பாக்க முயன்ற கோ. நடேசய்யர், தோட்டத்துள் நுழைவதற்குப் புடவை வியாபாரி வேடம் பூணவேண்டியிருந்தது. 1931இல் ஹற்றனை மையமாகக் கொண்டு அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். ஒருவர் வெளிப்படையாக நுழைந்து கடனைப் பற்றிப் பேசாதிருந்தார். மற்றவர் மறைந்து நுழைந்து அதனையே பேசினார். இருவரது மனத்திண்மையையும் இதனைக்கொண்டு எடைபோடுதல் பொருந்தாது. ஊதியம் எங்கிருந்து வந்ததோ அங்கேதான் இவ்வேறுபாட்டின் வேரும் உள்ளது.

எஞ்சிய பயன்

அவ்வாறாயின் உபதேசியாரின் நடை வீணாயிற்றா? மதம் மாறியோர் தொகையை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர் அவ்வாறு கூறலாம். மலையகத் தமிழருட் பெரும்பாலோர் இன்றும் சைவ, இந்து வழிபாட்டினரே. கல்வியை அளவுகோலாகக் கொண்டால் விடை வேறாகும். தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்திய சட்டம் 1907இலேயே வந்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்தியது. அதற்கு முன்னைய அரை நூற்றாண்டில், தோட்டத்துப் பிள்ளையின் கையில் ஏட்டைக் கொடுத்தோருள் உபதேசியார் முதன்மையானவர். பின்னர் மெதடிஸ்த சபையினரும் கத்தோலிக்கரும் இத்துறையில் உழைத்தனர். ஹற்றன் ஹைலன்ட்ஸ் கல்லூரியின் தொடக்கமும் மெதடிஸ்த முயற்சியே. படிக்கக் கற்றவன் துண்டில் எழுதியிருப்பதையும் ஒருநாள் படிப்பான். உபதேசியார் வாயாற் சொல்ல இயலாததை அவர் கற்பித்த எழுத்து சொல்லிற்று எனலாம்.

திருநெல்வேலியே பின்னர் வேறொரு பாதையைக் காட்டியது. 1902இல் யாழ்ப்பாணம் வந்த வே. ச. அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறித்தவ மாணவர் தம் சொந்த முயற்சியால் தமிழகத்துத் தொண்டிக்கு ஊழியரை அனுப்பியிருப்பதை அறிந்தார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உதயமாயிற்று. இந்தியரின் பணம், இந்தியரின் ஆட்கள், இந்தியரின் நிருவாகம் என்பது அதன் கொள்கை. 1854இல் துரைமாரின் ஊதியத்துக்குக் கடல் கடந்தவர்களின் ஊர், ஐம்பது ஆண்டுகளுக்குள் தன் காலில் நிற்கக் கற்றுக்கொண்டது. அந்த மாற்றத்துக்கு இலங்கைத் தமிழ் மாணவரே தூண்டுகோலாயினர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கதாகும்.

மலையக வரலாறு இன்று புதிதாக எழுதப்பட்டு வருகின்றது. நிருவாக அறிக்கைகளிலும் துரைமாரின் நினைவுக் குறிப்புகளிலும் தேடுவதோடு நாம் அமைதல் கூடாது. பழைய ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள், தோட்டப் பள்ளிகளின் வரவு இடாப்புகள், முதியோரின் வாய்மொழிச் செய்திகள், கல்லறை எழுத்துக்கள் ஆகியவை ஈரத்திலும் கறையானிலும் அழியுமுன் தொகுக்கப்படல் வேண்டும். அவற்றுள் எங்கோ அவ்வுபதேசியார்களின் பெயர்களும் இருத்தல் கூடும். தோட்டங்கள் சூழ்ந்த இம்மலைநாட்டிலேயே கல்வி பயிலும் நமக்கு அவை தொலைவில் உள்ள சான்றுகள் அல்ல. விடுமுறைக்கு ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பதிவேட்டையேனும் படியெடுத்து வருவாராயின், பெயரற்ற அந்த நாலாமவர் வரலாற்றிற் பெயர் பெறுவார்.