கொட்டியாரக் கரையும் கைத்தொலைபேசிக் கடையும்: புடவை வாணிகத்தின் வாயில்கள்

வாணிக வரலாற்றைப் பெருந்துறைகளையும் பேரரசுகளையும் கொண்டே எழுதுவது வழக்கமாயுள்ளது. ஆயின், ஒரு குடும்பத்தார் உடுக்கும் துணி எவ்வழியாக, எவர் கைமாறி, எந்நிபந்தனையின் பேரில் அவர்தம் வாயிலை வந்தடைந்தது என்பதும் வரலாற்று வினாவேயாம். கொட்டியாரக்குடாவின் தென்புறத்தே, மூதூரை அடுத்துள்ள தோப்பூரில் இன்று ஒருவர் கைத்தொலைபேசிச் செயலியைத் திறந்து ஒரு சேலையைத் தெரிவுசெய்யும்போது, முன்னெவரும் செய்யாததொன்றைச் செய்வதாகவே தோன்றும். இக்கரையின் பழைமையை நோக்கின், புதியது கருவியேயன்றி அதன் உட்பொருளன்று என்பது புலனாகும். காணாத விற்பனையாளனைக் கொள்வோன் எவ்வாறு நம்புவது? அறியாத கொள்வோனிடம் விற்பனையாளன் பொருளை எவ்வாறு ஒப்படைப்பது? இவ்விரு வினாக்களுக்கும் வெவ்வேறு காலங்கள் கண்ட விடைகளை ஒப்புநோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் சிக்கி நடுப்பாய்மரத்தை இழந்தது 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல். புதிய பாய்மரம் நாட்டுவதற்காக அது கொட்டியாரக்குடாவுக்கு அனுப்பப்பட்டது. வெறுங்கப்பலாக அது வரவில்லை. பாய்மரம் நாட்டும் நாள்களில் விற்பதற்கெனக் கும்பனியாரின் துணி அதில் ஏற்றப்பட்டிருந்தது; பறங்கிப்பேட்டை வணிகர் சிலரும் உடன் வந்து இக்கரையில் இறங்கினர். 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் இச்செய்திகளைப் பதிவுசெய்துள்ளார். அந்நூலைக் கற்போர் பெரும்பாலும் அவரது சிறைவாழ்வையே பேசுவர். அக்கப்பலில் துணியும் அத்துணி வாணிகத்திற் பழகிய சோழமண்டலக் கரை வணிகரும் ஒருங்கே வந்தமை அத்துணைக் கவனம் பெறவில்லை. கப்பலும் முதலும் ஆங்கிலேயருடையவாயினும், கரையோடு பழகியவர் பறங்கிப்பேட்டையாரே என்று கொள்ளுதல் பொருந்தும். கடல்கடந்த வாணிகத்திற் பொருளுக்கு முன்னே நம்பிக்கையை ஏற்றிச்செல்ல வேண்டியிருந்தது. அதனை ஏற்றிச்சென்றவர் அறிமுகமான மனிதர்.

இந்நிலையை மாற்ற முயன்றவர் ஒல்லாந்தர். 1665இல் திருகோணமலையையும், 1668இல் கொட்டியாரத்தையும் மட்டக்களப்பையும் அவர்கள் கைப்பற்றினர். 1670ஆம் ஆண்டளவிற் பாக்குக் கொள்முதலையும் துணி இறக்குமதியையும் தம் தனியுரிமையாக்கினர். பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் விரிவாக ஆராய்ந்த பொருள் இது. இந்தியக் கரையிலிருந்து அரிசியும் துணியும் கொணர்ந்து பாக்கினை ஏற்றிச்சென்ற சிறுவணிகர், இத்தடையாற் பின்வாங்கினர். அவர்களோடு அரிசி வரவும் குன்றிற்று. களவு வாணிகம் பெருகிற்று. பல வாயில்கள் வழியாக நடந்த வாணிகத்தை ஒரே வாயிலுக்குள் அடக்க முயல்வோர், வாயிலை மட்டுமன்றி அதன்வழி வந்த உறவையும் அடைத்துவிடுகின்றனர் என்பதே இதனாற் பெறப்படும் பாடமாகும். இப்பாடம் மூன்றரை நூற்றாண்டின் பின் வேறோர் உருவில் மீண்டும் எதிர்ப்படுதலைப் பின்னர்க் காண்போம்.

துறைகள் அடைபட்ட அக்காலத்திலும் உள்நாட்டில் வீடு வீடாகச் சென்று விற்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. சிறைப்பட்ட நொக்ஸே அதற்குச் சான்றாவார். அவர் தொப்பி பின்னி விற்றார்; பின்னர்ப் புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் ஆகியவற்றைச் சுமந்து ஊரூராகத் திரிந்தார். விற்பனையாளனுக்கு எவ்வூரிலும் புகும் உரிமை இருந்தமையால், அவ்வேடமே அவருக்கு வடக்குவழியைக் காட்டிற்று. 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து அவர் விடுதலை பெற்றார். இத்தகைய சுமைவாணிகத்தின் வழியினரே பிற்காலத்துப் பொட்டணி வியாபாரிகள். துணிப்பொதியைத் திண்ணையில் அவிழ்த்து விரித்தபோது, கடைத்தெருவுக்குச் செல்லும் வழக்கமில்லாத பெண்களும் தாமே தொட்டுப் பார்த்துத் தெரிவுசெய்ய இயன்றது. பணம் பின்னர்த் தரலாம். வேளாண்மை வெட்டிய பின்னும் தரலாம். பிடிக்காத துணியை அடுத்த வரவிலே திருப்பலாம். தொடுதல், தவணை, திருப்புதல் ஆகிய இம்மூன்றுமே அவ்வாணிகத்தின் தூண்களாயிருந்தன.

அறிமுகமான மனிதன் இல்லாமலே இத்தூண்களை நிறுவ இயலுமா என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு சோதித்துப் பார்த்தது. 1872இற் சிக்காகோ நகரில் ஆரன் மொன்ட்கொமெரி வார்ட் ஒற்றைத்தாள் விலைப்பட்டியல் ஒன்றை அச்சிட்டு, நாட்டுப்புற மக்களுக்கு அஞ்சல்வழிப் பொருள் விற்கத் தொடங்கினார். மனநிறைவு இல்லையேற் பணம் திருப்பித் தரப்படும் என்னும் உறுதிமொழியை 1875இல் அவர் வழங்கினார். பொதிவியாபாரியின் மூன்றாவது தூண் அங்ஙனம் அச்சேறிற்று. இந்தியாவில் 1877இல் ஏற்படுத்தப்பட்ட வி.பி.பி. முறையில், பொதியை ஒப்படைக்கும் தபாற்காரரே அதன் விலையையும் பெற்று விற்பனையாளனுக்குச் சேர்ப்பித்தார். இம்முறை இலங்கை அஞ்சற் சேவையிலும் இடம்பெற்றது. முன்பின் அறியாத இருவரிடையே அரசின் தபாற்காரர் பிணையாக நின்றார் எனலாம். ஆயினும், தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும் தவணையும் இம்முறையில் இல்லாதொழிந்தன.

கைத்தொலைபேசிச் செயலியை இவ்வரிசையில் வைத்தே நோக்குதல் வேண்டும். 2007இற் பெங்களூரில் முகேஷ் பன்சால், அஷுதோஷ் லவானியா, வினீத் சக்சேனா ஆகிய மூவரும் தொடங்கிய மிந்த்ரா நிறுவனம், முதலிற் பெயரும் படமும் பொறித்த பரிசுப்பொருள்களை விற்றது. பின்னரே ஆடையணிகளுக்கு மாறிற்று. 2014இல் அதனை பிளிப்கார்ட் நிறுவனம் வாங்கிற்று. பொருள் கைக்கு வந்தபின் பணம் செலுத்தும் முறையை பிளிப்கார்ட் 2010இலேயே புகுத்தியிருந்தது. புதுமையெனப் போற்றப்பட்ட அம்முறை, ஆராயுமிடத்து, பழைய வி.பி.பி.யின் மறுபிறப்பேயாம்.

2015 மே மாதத்தில் மிந்த்ரா தன் இணையத்தளத்தை மூடிச் செயலி வழியாக மட்டுமே விற்கத் தலைப்பட்டது. விற்பனையின் பெரும்பகுதி கைத்தொலைபேசி வழியாகவே நடைபெறுகின்றது என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணம். ஆயின் பெரிய திரையில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்க விரும்பியோர் விலகினர். ஓராண்டு கழிந்து, 2016 யூனில், மூடிய தளத்தை அந்நிறுவனம் மீண்டும் திறந்தது. ஒல்லாந்தரிடம் பீரங்கியும் கோட்டையும் இருந்தன. இந்நிறுவனத்திடம் அவை இல்லை. எனினும், கொள்வோரை ஒரே வாயிலுக்குள் செலுத்த முயன்ற வகையில் இரண்டும் ஒப்புமையுடையன. படைவலியற்ற நிறுவனம் விரைவிற் பாடம் கற்றது என்பதே வேறுபாடு.

இலங்கையில் இவ்வாணிகத்துக்கு எடுத்துக்காட்டாவது தராஸ். 2012இற் பாகிஸ்தானில் ஆடை விற்பனைத் தளமாகத் தோன்றிய அந்நிறுவனம், 2016இல் கேமு என்னும் தளத்தைத் தன்னுடன் இணைத்து இலங்கையிற் காலூன்றிற்று. 2018இற் சீனாவின் அலிபாபா நிறுவனத்துக்கு உரியதாயிற்று. ஆயினும் செயலி மட்டும் ஓர் ஊருக்குப் புடவையைக் கொணர்ந்துவிடாது; பொதி வந்துசேரத் தரைவழி வேண்டும். திருகோணமலையிலிருந்து மூதூர்ப் பகுதிக்கு வருவோர், நெடுங்காலம் குடாவைப் படகிற் கடந்தனர். அன்றேற் கிண்ணியா முதலிய துறைகளில் மிதவைப்பாதைக்குக் காத்துநின்றனர். 2006 ஆகஸ்டில் மூதூரிற் போர் மூண்டு மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர நேர்ந்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே தரைவழி எளிதாயிற்று. எனவே, தோப்பூரைப் பொறுத்தவரை செயலிக்கு முன்னே வந்தது பாலம். பாலத்துக்கு முன்னே வரவேண்டியிருந்தது அமைதி.

இனி, மூன்று தூண்களையும் மீள நோக்குவோம். திருப்புதலைச் செயலி காத்துள்ளது. தொடுதலுக்கு ஈடாகப் படத்தையும், முன்னர் வாங்கியோரின் கருத்துரைகளையும் தருகின்றது. தவணையையும் அட்டை வைத்திருப்போருக்குத் தருகின்றது. ஆயின் அது முகமறிந்து தரும் தவணையன்று. விளைச்சல் பொய்த்த ஆண்டிற் பொறுத்துக்கொள்ளும் இயல்பு அதற்கில்லை. பொட்டணி வியாபாரி வீட்டாரை அறிந்தான். வீட்டாரும் அவனை அறிந்தனர். செயலியோ கொள்வோரின் விருப்பத்தையும் அளவையும் வாங்கும் வேளையையும் நுணுகி அறிகின்றது. கொள்வோர் அதனை அறியார். அறிமுகம் ஒருபக்கமாகிவிட்டமையே இக்காலத்தின் உண்மையான புதுமையாகும்.

ஆதலாற் செயலியை வெறுத்தொதுக்குதலும் வேண்டா. அதனை வியந்து ஊர்ப் புடவைக்கடையைக் கைவிடுதலும் வேண்டா. கொட்டியாரக் கரையின் வரலாறு காட்டுவது, வாயில்கள் பலவாயிருந்த காலத்திற் கொள்வோர் நலம்பெற்றனர் என்பதே. கடனைக் கொப்பியில் எழுதி அறுவடைவரை பொறுக்கும் சிறுகடையும் அவ்வாயில்களுள் ஒன்றாகும். பாலத்தின் வழியே பொதி வரும் இந்நாளிலும் அது திறந்திருத்தல் வேண்டும்.