கோமகனும் தம்பியும்: வேணாட்டுப் பட்டப்பெயர்களில் உறவும் உரிமையும்

முன்னுரை

பட்டப்பெயர் ஒருவரது சிறப்பை மட்டுமன்றி, அவருக்கும் அரியணைக்கும் இடையிலுள்ள தொலைவையும் உணர்த்துவதாகும். ஐரோப்பியக் கோமகன் பட்டமாகிய 'டியூக்' என்பதனையும் வேணாட்டுத் 'தம்பி' என்பதனையும் ஒப்புநோக்கின், இருவேறு வாரிசுரிமை நெறிகள் புலனாகின்றன.

டியூக் என்னும் பட்டம்

படைத்தலைவனைக் குறிக்கும் 'துக்ஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து 'டியூக்' பிறந்தது. பழந்தமிழ் 'ஏனாதி', திருவிதாங்கூர்த் 'தளவாய்' ஆகியனவும் படைத்தலைமையைச் சுட்டிய பெயர்களே. இங்கிலாந்தில் டியூக், மார்க்குவிசு, ஏர்ல், வைகவுண்ட், பாரன் எனப் பிரபுக்களுக்கு ஐந்து படிநிலைகள் உண்டு. 1337இல் மூன்றாம் எட்வர்டு தம் மூத்த மகனைக் கார்ன்வால் டியூக் ஆக்கினார். அந்நாட்டின் முதல் டியூக் பட்டம் அதுவே. இன்றும் அது அரியணைக்குரிய மூத்த மகனையே சேர்கிறது. அங்கு அப்பட்டம் உரிமையின் அடையாளம்.

தம்பி என்னும் பட்டம்

வேணாட்டு நெறி இதற்கு மாறானது. மருமக்கள்தாய முறைப்படி அரசனுக்குப்பின் ஆட்சி அவன் மகனுக்கன்றி மருமகனுக்கே உரியது. அரசனின் துணைவி 'அம்மச்சி' எனவும், மகன் 'தம்பி' எனவும், மகள் 'தங்கச்சி' எனவும் வழங்கப்பெற்றனர். அம்மச்சிமாரின் குடும்பங்கள் அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு ஆகிய ஊர்ப்பெயர்களைத் தாங்கிய நான்கு 'அம்மவீடு'கள் ஆகும். இவ்வூர்கள் இன்று குமரி மாவட்டத்தில் உள்ளன. அரசன் விரும்பியோர்க்குத் 'தம்பி' பட்டம் வழங்கப்பட்டதும் உண்டு. 1809இல் மறைந்த தலக்குளம் வேலுத்தம்பித் தளவாய் இதற்குச் சான்று. எவ்வழி வரினும் இப்பட்டம் மதிப்பைத் தந்ததேயன்றி அரியணையைத் தரவில்லை.

நினைவில் தம்பிமார்

இராமவர்மாவுக்குப்பின் 1729இல் மருமகன் மார்த்தாண்டவர்மா அரசேறினார். முன்னவரின் மைந்தர்களாகிய தம்பிமார் அவரை எதிர்த்தனர். பகைவரிடமிருந்து தப்பிய மார்த்தாண்டவர்மா பலாமரப் பொந்தில் ஒளிந்தார் என்பது நெய்யாற்றின்கரை வழக்கு. அங்குள்ள கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' இன்றும் காட்டப்படுகிறது. சி. வி. இராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' (1891) என்னும் மலையாளப் புதினம் அரசர் பக்கம் நின்று தம்பிமாரைப் பகைவராகச் சித்திரிக்கிறது. தென்குமரியில் வழங்கும் 'தம்பிமார் கதை' என்னும் தமிழ்க் கதைப்பாடலோ அவர்களுக்காக இரங்குகிறது.

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பாறசாலை, காட்டாக்கடை உள்ளிட்ட நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்தில் நின்றது. இதனால் அரசரைக் காத்த மரம் எல்லைக்கு அப்பாலும், தம்பிமாருக்கு இரங்கும் பாடல் இப்பாலுமாக, ஒரே நிகழ்ச்சியின் நினைவு இரு மாநிலங்களில் பிரிந்து நிற்கிறது.

முடிவுரை

ஐரோப்பியப் பட்டம் பதவியிலும் நிலத்திலும் வேரூன்றியது. வேணாட்டுப் பட்டமோ உறவுமுறைச் சொல்லிலிருந்து எழுந்தது. மகனை 'மகன்' என்னாது 'தம்பி' என்றழைத்ததிலேயே அவன் வாரிசு அல்லன் என்பது உணர்த்தப்பட்டுவிடுகிறது. ஆதலின், கதைப்பாடல்களைப் பதிப்பிப்போரும் மொழிபெயர்ப்போரும் 'தம்பி' என்பதற்கு 'இளவரசன்' எனப் பொருள் எழுதுதல் பொருந்தாது. அவ்வாறு எழுதின், தம்பிமார் எதன்பொருட்டுப் போரிட்டு மடிந்தனரோ அவ்வுரிமையை அவர்கள் முன்னரே பெற்றிருந்ததாகப் பொருள்பட்டு, கதையின் அடிப்படை முரணே மறைந்துபோகும்.